குடல் அழற்சி நோய்க்கு மூலிகைகள்: தொடக்க நிலையில் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடல் அழற்சி நோய் இருப்பது உறுதியானதும் நோயாளிகளில் பலர் கேட்பது, இதற்கு மூலிகை மருந்து ஏதேனும் உண்டா என்பது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும், நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று கேட்டவுடன், உடலுக்குத் தீங்கு செய்யாத வேறு வழி இருக்காதா என்று மனம் தேடுவது இயல்பு. அந்தத் தேடலுக்கு "மூலிகை எல்லாம் வீண்" என்று பதில் சொல்வதும் சரியன்று. "இந்த வேரைக் காய்ச்சிக் குடித்தால் அடியோடு போய்விடும்" என்று வாக்குக் கொடுப்பதும் சரியன்று. சில மூலிகைகள் முறையான ஆய்வுகளில் பயன் காட்டியுள்ளன. சில, பெரிய எதிர்பார்ப்புக்குப் பிறகு தோற்றுள்ளன. ஒன்று, மிக நன்றாக வேலை செய்துகொண்டே உயிருக்கு ஆபத்தையும் விளைவித்துள்ளது. ஆகவே மூலிகை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மூலிகை, எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த மருந்தோடு சேர்த்து என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்

குடல் அழற்சி நோய் என்பது முக்கியமாக இரண்டு நோய்களைக் குறிக்கும் பொதுப்பெயர். ஒன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் பெருங்குடல் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உட்சவ்வில் மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் பரவும். சளியும் இரத்தமும் கலந்த மலம் இதன் முதன்மை அடையாளம். மற்றொன்று க்ரோன் நோய். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்தப் பகுதியிலும் வரலாம். அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும். குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடியது என்பதால் குடல் குறுகி அடைபடுவதும், குடலிலிருந்து பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ புரை வழி உண்டாவதும் இதில் நேரும். பெருங்குடல் புண் அழற்சியை 1859-இல் இங்கிலாந்தின் சாமுவேல் வில்க்ஸ் விவரித்தார். க்ரோன் நோயை 1932-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் பதிவு செய்தார்கள். இந்த இரண்டு நோய்களும் மருந்துக்கு ஒரேபோல் இணங்குவதில்லை. ஒன்றில் பலித்த மூலிகை மற்றொன்றில் பலிக்கும் என்று கருத இடமில்லை என்பதைக் கீழே மஞ்சளின் கதையிலேயே பார்க்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. வயிற்று வலி, உப்புசம், மலச்சிக்கலும் பேதியும் மாறிமாறி வருதல் ஆகியவற்றைக் கொண்ட குடல் எரிச்சல் நோய்க்குறி என்பது முற்றிலும் வேறான ஒன்று. அதில் குடலில் புண்ணோ அழற்சியோ இருக்காது. வயிற்றுக்கு நல்லது என்று பரிந்துரைக்கப்படும் பல மூலிகைகள், எடுத்துக்காட்டாகப் புதினா எண்ணெய், குடல் எரிச்சல் நோய்க்குறியில்தான் ஆராயப்பட்டவை. அவற்றின் பலனைக் குடல் அழற்சி நோய்க்குக் கடன் வாங்க முடியாது.

குடல் அழற்சி நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கண்டறியப்படவில்லை. மரபணுப் போக்கு, குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் மாற்றம், சூழல் ஆகியவை சேர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றலை அதன் சொந்தக் குடற்சவ்வின் மீதே திருப்பிவிடுகின்றன. இன்று வழக்கில் உள்ள மெசலமின், ஸ்டீராய்டு, அசதியோப்ரின், 1998 முதல் வந்த இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள் ஆகிய எல்லாமே அந்த எதிர்ப்பாற்றல் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைத் தடுத்து வேலை செய்பவை. மூலிகைகளிடமிருந்தும் அதே வேலையைத்தான் எதிர்பார்க்கிறோம். அப்படியானால் அவற்றை அளக்கும் கோலும் அதேதான்.

வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது

இந்த நோயின் போக்கே ஏற்ற இறக்கமானது. சில வாரங்கள் கிளர்ந்தெழும். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அடங்கியிருக்கும். அடங்கிய காலத்தைத் தணிவு நிலை என்பர். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் புதிய வைத்தியத்தைத் தேடிப் போகிறார்கள்; உச்சத்துக்குப் பிறகு அது இறங்குவது பெரும்பாலும் தானாகவே நடக்கக்கூடியது; இறங்கியதற்கான பெயரை அப்போது குடித்த கஷாயம் எடுத்துக்கொள்கிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் கஷாயம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரால் அறிய முடியாது.

அதனால்தான் ஆய்வுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மற்றவர்களுக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையையும் தருகிறார்கள். இந்த வெற்று மாத்திரைக்கு மருந்துப்போலி என்று பெயர். பெருங்குடல் புண் அழற்சி ஆய்வுகளில் மருந்துப்போலி பெற்றவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நோயின் அறிகுறிகள் குறைவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். "பத்துப் பேருக்குக் கொடுத்தோம், மூன்று பேருக்குச் சரியானது" என்ற செய்தி எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஒன்றுமே கொடுக்காமலும் அதே மூன்று பேருக்குச் சரியாகியிருக்கக்கூடும்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல் உண்டு. நோயாளி நன்றாக உணர்வதும் குடல் ஆறுவதும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை. இதற்குக் கஞ்சாவைக் கொண்டு செய்த ஆய்வுகள் தெளிவான சான்று. இஸ்ரேலில் க்ரோன் நோயாளிகள் 21 பேரைக் கொண்டு நடந்த, 2013-இல் வெளியான சிறிய ஆய்வில், கஞ்சா பெற்ற 11 பேரில் 10 பேருக்கு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. பசி எடுத்தது, தூக்கம் வந்தது. மருந்துப்போலி பெற்ற 10 பேரில் 4 பேருக்குத்தான் அப்படி ஆனது. ஆனால் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. வலி அடங்கியது, அழற்சி அடங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பல நாடுகளில் கஞ்சா சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பது ஒருபுறம் இருக்க, வலியை மறைத்து உள்ளே நோயை வளரவிடக்கூடிய எந்தப் பொருளும் க்ரோன் நோயில் கவலைக்குரியது. அடங்காத அழற்சிதான் குடற்சுருக்கத்திலும் புரையிலும் அறுவைச் சிகிச்சையிலும் கொண்டுபோய் விடுகிறது.

எனவே அழற்சியை நேரடியாக அளக்கும் வழிகளை நோயாளி தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொலோனோஸ்கோப்பி எனும் குடல் உள்நோக்குச் சோதனை அவற்றுள் முதன்மையானது. அதைவிட எளியது, மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை. வெள்ளணுக்கள் குடற்சவ்வுக்குள் திரளும்போது இந்தப் புரதம் மலத்தில் கலக்கிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அழற்சி இல்லை என்றும், 250-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அழற்சி முனைப்பாக இருக்கிறது என்றும் கொள்வர். எந்த மூலிகையைப் பற்றியும் "நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுமுன் இந்த எண் என்ன ஆனது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

மஞ்சள்: சான்று வலுவாக இருக்கும் இடமும் இல்லாத இடமும்

மூலிகைகளில் அதிகம் ஆராயப்பட்டது மஞ்சளில் உள்ள குர்குமின். அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தின் செயலை அது தணிக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. குர்குமின் வயிற்றிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். மூட்டுவலிக்கோ மூளை நோய்க்கோ இது குறை. பெருங்குடல் நோய்க்கோ, உறிஞ்சப்படாமல் எஞ்சியது நேராகப் புண் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருவதால், இதுவே அனுகூலமாக இருக்கலாம்.

2006-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று வெளியானது. பெருங்குடல் புண் அழற்சி தணிந்திருந்த 89 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஏற்கெனவே உட்கொண்டுவந்த சல்ஃபாசலசின் அல்லது மெசலமினைத் தொடரச் செய்து, அதோடு ஒரு பிரிவினருக்குக் காலை உணவுக்குப் பின் 1 கிராமும் இரவு உணவுக்குப் பின் 1 கிராமும் குர்குமின் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் பெற்ற 43 பேரில் 2 பேருக்கும், மருந்துப்போலி பெற்ற 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. குர்குமினை நிறுத்திவிட்டு மேலும் ஆறு மாதம் கவனித்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு கரைந்துபோனது. இந்தப் பின்பகுதியைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். என் பார்வையில் ஆய்வின் மிகப் பயனுள்ள செய்தி அதுதான்: குர்குமின் நோயை வேரறுக்கவில்லை, எடுத்துக்கொண்டிருந்த வரை காத்தது.

2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நோய் முனைப்பாக இருந்தவர்களைப் பற்றியது. மெசலமினை உயர்ந்த அளவில் எடுத்தும் அடங்காத, இலேசானது முதல் மிதமானது வரையிலான பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 50 பேருக்கு, மெசலமினோடு சேர்த்து நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமினோ மருந்துப்போலியோ ஒரு மாதம் தரப்பட்டது. குர்குமின் பெற்ற 26 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது. மருந்துப்போலி பெற்ற 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. ஆள்கணக்கு சிறியது என்றாலும் வேறுபாடு பெரியது. குடலுக்குள் பார்த்தபோதும் அந்த வேறுபாடு தெரிந்தது.

ஆனால் தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 62 பேரிடம் நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மருந்துப்போலியைவிட மேலான பயன் எதுவும் தென்படவில்லை. அளவு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை. இதையே சமையலறை மஞ்சள் தூளுக்குப் பொருத்திக் கணக்கிட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் சுமார் 3 விழுக்காடுதான் குர்குமின். ஆய்வில் தந்த 3 கிராம் குர்குமினைத் தூளிலிருந்தே பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தூளை உண்ண வேண்டும். பாலில் ஒரு சிட்டிகை கலந்து குடிப்பதற்கும் ஆய்வில் வென்ற மருந்துக்கும் பெயர் மட்டுமே பொது. அதேபோல் ஒரு குப்பியின் மேல் "மஞ்சள் 500 மி.கி." என்று எழுதியிருந்தால், அது 500 மில்லிகிராம் தூளா, அல்லது 95 விழுக்காடு குர்குமின் வகைச் சேர்மங்கள் கொண்ட சாறா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் குர்குமின் சுமார் 15 மில்லிகிராம். இரண்டாவதில் 475 மில்லிகிராம். விலைச்சீட்டு இரண்டையும் ஒரே பொருள்போலக் காட்டும்.

க்ரோன் நோய்க்கு வருவோம். பிரான்சில் குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 62 க்ரோன் நோயாளிகளுக்கு, அசதியோப்ரினோடு நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக் கொடுத்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. கடுமையாகத் திரும்பியவர்கள் குர்குமின் பிரிவிலேயே கூடுதலாக இருந்தார்கள். பெருங்குடல் புண் அழற்சியில் கிடைத்த நற்பெயரைக் காட்டிக் க்ரோன் நோயாளிக்குக் குர்குமினை விற்பவர் இந்த ஆய்வைப் பற்றிப் பேசுவதில்லை.

குர்குமின் பொதுவாகப் பாதுகாப்பானது என்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை உடையவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. மிளகின் பைப்பரினைச் சேர்த்துச் செய்த மாத்திரைகளில் குர்குமின் இரத்தத்தில் பன்மடங்கு கூடுதலாக ஏறுகிறது. 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மனிதர்களிடம் அது சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பெருங்குடலில் தங்கி வேலை செய்ய வேண்டிய பொருளை இப்படி இரத்தத்தில் ஏற்றுவதால் இந்த நோயாளிக்கு என்ன நன்மை என்று எனக்குப் புரியவில்லை. பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டக்கூடியது என்பதால், பல மருந்துகள் எடுப்பவர்கள் இந்தக் கலவையைத் தவிர்ப்பதே மேல்.

நீலச் சாயத்திலிருந்து வந்த மருந்து

மூலிகை என்றாலே பலம் குறைந்தது, பக்கவிளைவு இல்லாதது என்ற இரண்டு எண்ணங்களையும் ஒருசேரத் தகர்ப்பது சீன மருத்துவத்தின் சிங் டை. அவுரியைப் போல நீலச் சாயம் தரும் சில செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் கருநீலப் பொடி அது. அதிலுள்ள சில சேர்மங்கள் குடலின் எதிர்ப்பணுக்களில் உள்ள அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தூண்டுகின்றன. அதன் வழியே இன்டர்லூகின்-22 என்ற, சவ்வை ஆற்றும் பொருள் சுரக்கிறது.

ஜப்பானில் முனைப்பான பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 86 பேரிடம் எட்டு வாரம் நடத்திய, 2018-இல் வெளியான ஆய்வில், மருந்துப்போலி பெற்றவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே குணம் தெரிந்தது; நாளொன்றுக்கு அரை கிராம், 1 கிராம், 2 கிராம் பெற்ற பிரிவுகளில் முறையே சுமார் 70, 75, 81 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. எந்த மருந்தானாலும் வியக்கத்தக்க எண்கள் இவை. ஆனால் அந்த ஆய்வைத் திட்டமிட்டபடி முடிக்க முடியவில்லை. ஆய்வுக்கு வெளியே, தாமாகவே சிங் டை வாங்கி உட்கொண்டுவந்த ஒருவருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்தது தெரியவந்ததால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2016 இறுதியில் ஜப்பானிய நல்வாழ்வு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. நுரையீரல் தமனியின் இந்த அழுத்த உயர்வு இதயத்தின் வலப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கக்கூடியது; மருந்தை நிறுத்தியபின் பலருக்கு அழுத்தம் குறைந்தது என்பது ஓரளவு ஆறுதல். கல்லீரல் நொதிகள் உயர்வதும், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்வதும் பதிவாகியுள்ளன.

சிங் டை பயனற்றது என்று நான் கருதவில்லை. மற்ற மருந்துகளுக்கு இணங்காதவர்களுக்கு, இதயச் சோதனைகளோடு, குறுகிய காலத்துக்கு, வல்லுநர் மேற்பார்வையில் அதைத் தரும் முயற்சிகள் நடக்கின்றன. இணையத்தில் பொட்டலமாக வாங்கிச் சொந்தப் பொறுப்பில் விழுங்கத் தக்க பொருள் மட்டும் அது அன்று.

மற்றவை

நிலவேம்பின் சாறு ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கையை எழுப்பியது. பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 224 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், 1,200 மில்லிகிராம் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் குணம் தெரிந்தது. மேல் அளவு நம்பிக்கை தருவதாக இருந்ததால் அடுத்த கட்டப் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. இடைக்கால மதிப்பீட்டில் எதிர்பார்த்த பலன் தென்படாததால் அவை நிறுத்தப்பட்டன. தோலில் தடிப்பு வருவது அதன் அடிக்கடி நேர்ந்த பக்கவிளைவு. இன்றும் முதல் ஆய்வின் 60 விழுக்காடு மட்டும் விளம்பரங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போஸ்வெல்லியா மரத்தின் பிசினான குந்துருக்கத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே. லுக்கோட்ரையீன் எனும் அழற்சிப் பொருளை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. தொடக்க கால ஆய்வுகள் நல்ல முடிவைத் தந்தன. ஆனால் அவற்றில் சில மருந்துப்போலியோடு ஒப்பிடாதவை. 2011-இல் வெளியான, 82 க்ரோன் நோயாளிகளை 52 வாரம் தொடர்ந்த ஜெர்மானிய ஆய்வில், தணிவு நிலையில் நீடித்தவர்கள் குந்துருக்கப் பிரிவில் சுமார் 60 விழுக்காடு, மருந்துப்போலிப் பிரிவில் சுமார் 55 விழுக்காடு. அந்த வேறுபாட்டைப் பலன் என்று கொள்ள முடியாது.

சோற்றுக்கற்றாழையைப் பற்றி ஒரே ஒரு குறிப்பிடத்தக்க ஆய்வு உண்டு. பிரிட்டனில் பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 44 பேரிடம், நாளொன்றுக்கு இருமுறை 100 மில்லிலிட்டர் கற்றாழைக் கூழை நான்கு வாரம் கொடுத்ததில் 30 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் 7 விழுக்காட்டினருக்கே தணிந்தது. ஆயினும் உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது குடலில் தெளிவான வேறுபாடு இல்லை. இங்கே கைப்பக்குவம் சார்ந்த ஓர் எச்சரிக்கை தேவை. கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டி நிறுத்தினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் கசப்பான பால் வடியும். நடுவில் இருக்கும் நிறமற்ற வழுவழுப்பான சோறு வேறு. அந்த மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. நோயாளியின் குடலில் அது வயிற்றுப்போக்கைக் கூட்டி, பொட்டாசியத்தைக் குறைக்கும். முழு மடலையும் அரைத்து, வடிகட்டித் தூய்மைப்படுத்தாமல் விற்கப்படும் சாறுகளில் இரண்டும் கலந்திருக்கும். நிலாவரை போன்ற பிற பேதி மூலிகைகளையும் "குடலைச் சுத்தம் செய்ய" என்று இந்த நோயாளிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இசப்கோல் உமி பெரிதும் பேசப்படாத ஒன்று. அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. அது குடலில் கூழாகி, பெருங்குடல் நுண்ணுயிர்களால் நொதிக்கப்படும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம் உண்டாகிறது. பெருங்குடல் சவ்வின் செல்களுக்கு முதன்மை எரிபொருள் அதுவே. 1999-இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி தணிந்திருந்த 105 பேருக்கு இசப்கோல் விதையை நாளொன்றுக்கு இருமுறை 10 கிராம் தந்தோ, மெசலமின் தந்தோ, இரண்டையும் சேர்த்துத் தந்தோ ஓராண்டு கவனித்தார்கள். தணிவைக் காக்கத் தவறியது முறையே 40, 35, 30 விழுக்காட்டினரிடம். இந்த எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஆனால் மெசலமின் தரப்பட்ட அளவு குறைவு என்பதால், இசப்கோல் மெசலமினுக்கு ஈடு என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. குடல் குறுகியுள்ள க்ரோன் நோயாளிக்கு இது ஆகாது, அடைப்பை உண்டாக்கும்.

கோதுமைப்புல் சாறு 23 பேரைக் கொண்ட ஒரு சிறு ஆய்வில், பெருங்குடலின் கீழ்ப்பகுதி அழற்சிக்குப் பயன் காட்டியது. அதன்மேல் பெரிதாக ஏதும் கட்ட முடியாது. ஆர்ட்டிமீசியா வகைக் கசப்புச் செடி ஒன்று, 40 க்ரோன் நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் ஸ்டீராய்டைக் குறைக்க உதவியதாக 2007-இல் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. அந்தச் செடியில் உள்ள தூஜோன் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நச்சு என்பதால் வீட்டு வைத்தியமாகச் செய்து பார்க்க அது உகந்ததன்று.

மருந்தோடு மோதும் மூலிகைகள்

மூலிகையால் நேரும் பெருங்கேடு பெரும்பாலும் மூலிகையால் நேர்வதில்லை. அதை நம்பி மருந்தை நிறுத்துவதால் நேர்கிறது. தணிவு நிலையில் இருந்த 99 பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மெசலமினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஒழுங்காக எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. மேலே சொன்ன குர்குமின் ஆய்வுகள் இரண்டிலும் பயன் கண்டது மெசலமின் வகை மருந்துகளைத் தொடர்ந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றில் எந்த ஆய்வும் மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறியவர்களைப் பற்றியதன்று.

அடுத்தது, ஒன்றோடொன்று மோதுதல். மன அழுத்தத்துக்காக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுவதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரின், டோஃபாசிட்டினிப் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். அதிமதுரம் வயிற்றுக்கு இதமானது என்று பெயர் பெற்றது; ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஸ்டீராய்டும் அதையே செய்யும். வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இனி, அசதியோப்ரின் எடுப்பவர்களின் கல்லீரலையும் வெள்ளணுக்களையும் மருத்துவர் இரத்தப் பரிசோதனையால் கவனித்துவருவார். நோயாளி சொல்லாமல் ஒரு மூலிகையும் எடுத்துக்கொண்டிருந்தால், நொதி உயரும்போது பழி அசதியோப்ரின் மீது விழும், நல்ல பயன் தந்துகொண்டிருந்த மருந்து நிறுத்தப்படும். நோயாளிகள் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திட்டுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சத்தைப் போக்குவது மருத்துவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

பொட்டலத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது கண்டறியப்பட்டது. ஈய நச்சின் முதல் அறிகுறிகளுள் ஒன்று வயிற்று வலி. குடல் நோயாளிக்கு அது நோய் கிளம்பியதுபோலவே தோன்றும். பெயரோ உட்பொருளோ அச்சிடப்படாத பொடி ஓரிரு நாளிலேயே வியக்கத்தக்க குணம் காட்டினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று ஐயுறுவது நியாயம்.

முயன்று பார்ப்பதானால்

இலேசான அல்லது மிதமான பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர், தம் மருந்தைத் தொடர்ந்தபடி, குடல்நோய் மருத்துவருக்குத் தெரிவித்துத் தரமான குர்குமினைச் சேர்த்துப் பார்ப்பது நியாயமான முயற்சி என்பது இன்றுள்ள சான்றுகளின் அடிப்படையில் என் முடிவு. க்ரோன் நோய்க்கு அப்படித் துணிந்து சொல்லக்கூடிய மூலிகை எதுவும் இப்போது இல்லை. முயல்பவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூலிகையைத்தான் தொடங்க வேண்டும்; ஒரே வாரத்தில் மூன்றைத் தொடங்கினால், தடிப்பு வந்தாலும் குணம் வந்தாலும் காரணம் எதுவென்று தெரியாது. தொடங்குமுன் கால்ப்ரோடெக்டின் அளவையும் கல்லீரல் நொதிகளையும் பார்த்து வைத்து, எட்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் நாளொன்றுக்கு எத்தனை முறை மலம் கழித்தார், இரத்தம் இருந்ததா, இரவில் எழ நேர்ந்ததா என்பதைக் குறித்து வந்தால் நினைவைவிட அது நம்பத்தக்கதாக இருக்கும். எட்டு வாரத்தில் கால்ப்ரோடெக்டின் இறங்கவில்லை என்றால் அந்த மூலிகையை விட்டுவிடலாம். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் இந்த முயற்சிகளில் இறங்க வேண்டாம். குழந்தைகளுக்கு இந்த நோய் வளர்ச்சியையே தடுக்கக்கூடியது என்பதால் அவர்கள் விஷயத்தில் நேரத்தை வீணாக்க இடமில்லை. எட்டு ஆண்டுக்கு மேல் பெருங்குடல் அழற்சி உள்ளவர்கள், எந்த மருந்தில் எவ்வளவு நலமாக இருந்தாலும், பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்கான உள்நோக்குச் சோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.

நாளொன்றுக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு மலம் போகிறது, அதனுடன் உடல்வெப்பம் 37.8 செல்சியஸைத் தாண்டுகிறது அல்லது நாடி நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டுகிறது என்றால் அது கடுமையான தாக்குதல். வயிறு வீங்கி வலித்தாலோ, வாந்தியோடு மலமும் காற்றும் நின்றுபோனாலோ அதுவும் அவ்வாறே. அந்த நிலையில் எந்த மூலிகையையும் முயலாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அங்கே முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லும்போது, எடுத்துக்கொண்டிருந்த மூலிகைகளின் பெயரையும் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; முடிந்தால் குப்பியையே கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.